வீட்டுப் புகையிலையும் விஷம்தான்

ஆடிக் கடைசி வெள்ளிக்கு முந்தின நாள் இருக்கன்குடியில் கால் வைக்க இடம் இருக்காது. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருகிற மணலில் சனம் குடும்பம் குடும்பமாகப் படுத்துக் கிடக்கும். அந்தக் கூட்டத்துக்குள் நீந்தி என் சித்தி மகன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். காப்பி கொடுத்த கையோடு ஒரு எவர்சில்வர் டப்பாவைத் திறந்து காட்டினான். உள்ளே ஈரமான கரும்பழுப்புப் பொடி. மோந்து பார்த்தால் புகையிலையும் உப்பும்.

“ஸ்னூஸ்ண்ணே. சுவீடன் சரக்கு. ஆனா நானே செஞ்சது.”

திண்டுக்கல் பக்கம் சொந்தக்காரரிடம் விதை வாங்கி, ஐப்பசியில் வீட்டுக்குப் பின்னால் இருபது நாற்று நட்டிருக்கிறான். மாசியில் ஒடித்து, உலர்த்தி, இடித்து, உப்புத் தண்ணீர் விட்டு, மூடிய பாத்திரத்தில் ஒரு நாள் பூராவும் சூடு காட்டி, கடைசியில் சலவைச் சோடா சேர்த்திருக்கிறான். ஒரு சிட்டிகையை மேலுதட்டுக்கு அடியில் ஒதுக்கினால் போதும், துப்பக்கூட வேண்டாமாம்.

“கூல் லிப்பை விட்டுட்டேன். கம்பெனிக்காரன் அதுல என்னத்தக் கலக்குறான்னு யாரு கண்டா? இது நம்ம மண்ணு, நம்ம இலை. ஒரு கெமிக்கல் கிடையாது.”

இந்தக் கட்டுரை அந்தக் கடைசி வாக்கியத்துக்கு எதிரானது. அவன் ஒருவன் சொன்னால் தம்பிதானே என்று விட்டுவிடலாம். படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். பாக்கெட்டில் வந்தால் விஷம், கொல்லையில் விளைந்தால் மருந்து. செக்கெண்ணெய்க்கும் கைக்குத்தல் அரிசிக்கும் பொருந்துகிற நியாயத்தைப் புகையிலைக்கும் போர்த்திவிடுகிறார்கள்.

இயற்கை விவசாயம் பேசுகிறவர்களுக்கே ஒரு கேள்வி. பூச்சி விரட்டப் புகையிலையை ஊறவைத்துத் தெளிக்கிறோமே, எதற்காக? அந்தச் செடி தன்னைத் தின்ன வருகிற பூச்சியைக் கொல்லத் தானே செய்து வைத்திருக்கிற நஞ்சுதான் நிக்கோட்டின். அதை எந்தக் கம்பெனியும் கலக்கவில்லை. புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன்களில் பெரும்பகுதியும் வெளியிலிருந்து வருவதில்லை. இலையைப் பதப்படுத்தும்போதும், ஈரத்தோடு போட்டு வைக்கும்போதும் அதற்குள்ளேயே உண்டாகிறவை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையில்லாப் புகையிலையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியிருக்கிறது. வீட்டில் விளைந்ததற்குத் தனிச் சலுகை எதுவும் அதில் இல்லை.

கெமிக்கல் இல்லையாம். சலவைச் சோடா என்ன, துளசித் தீர்த்தமா? காரம் ஏற ஏற நிக்கோட்டின் வாய்த்தோலைத் தாண்டிச் சீக்கிரம் ரத்தத்தில் இறங்கும். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, மேலே புகையிலையை வைத்த நம் பாட்டிகளின் வாயில் நடந்ததும் அதுதான். சுவீடன்காரன் புதிதாக ஒன்றையும் கண்டுபிடித்துவிடவில்லை.

“அப்போ சுவீடன்ல எப்படிண்ணே?” என்று கேட்டான். நியாயமான கேள்வி, மழுப்பக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் ஸ்னூஸ் விற்பனைக்கு 1992-ல் தடை போட்டது. 1995-ல் ஒன்றியத்தில் சேர்ந்த சுவீடன் தனக்கு மட்டும் விலக்கு வாங்கிக்கொண்டது. ஐரோப்பாவிலேயே சிகரெட் மிகக் குறைவாகப் புழங்கும் நாடுகளில் அது ஒன்று என்பதும், அங்கே ஆண்களிடம் நுரையீரல் புற்று குறைவு என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கணக்கு சிகரெட்டோடு ஒப்பிட்டுப் போட்ட கணக்கு. நைட்ரோசமைனை அளந்து பார்த்து, நீராவியில் சூடாக்கி, குளிர்பெட்டியில் வைத்து விற்கிற சரக்கு அது. இவன் டப்பா கரிசல்காட்டு வெயிலில் அடுப்படி அலமாரியில் இருக்கிறது. அதில் எது எவ்வளவு என்று அளக்க இவனிடம் என்ன இருக்கிறது? மூக்கு ஒன்றுதான் இருக்கிறது.

அதைவிட முக்கியம், இவன் சிகரெட்டிலிருந்து தப்பி இதற்கு வரவில்லை. பட்டாசு ஆலையிலிருந்து வந்தவன். வாசலிலேயே தீப்பெட்டியையும் பீடியையும் வாங்கி வைத்துவிடுவார்கள். மருந்து அறையில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்துப் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். புகைக்கக் கூடாது. ஆனால் பீஸ் ரேட்டு. எத்தனை சரம் பின்னினாயோ அத்தனைக்குக் கூலி. பசியை அமுக்க, தூக்கத்தை விரட்ட, எழுந்து போகாமல் உட்கார்ந்த இடத்தில் வேலை ஓட, வாய்க்குள் ஒதுக்குகிற புகையிலைதான் தோது. அலுமினியப் பொடியும் கந்தகமும் ஒட்டின விரலாலேயே அதை எடுத்து வாயில் வைக்கிறார்கள்.

என் சித்தியும் அப்படித்தான் வைத்தாள். கூல் லிப் என்ற பேரையே அவள் கேட்டதில்லை. சாத்தூர்ச் சந்தையில் வாங்கின இலைப் புகையிலை, வெற்றிலை, சுண்ணாம்பு. இருபது வருசம். கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு திட்டு வந்தது, வாய்ப்புண் என்றாள். காரம் ஒத்துக்கொள்ளவில்லை, சோற்றை மோரில் கரைத்துக் குடித்தாள். மதுரைக்குக் கூட்டிப் போகும்போது பாதித் தாடையை எடுக்க வேண்டிய நிலைமை. கண்ணுக்கு நோய் வந்தால் இருக்கன்குடியில் கண்மலர் வாங்கிச் சாத்தலாம். வாய்க்கு என்னடா வாங்குறது என்று கேட்டாள். ஒன்பது மாதம் இருந்தாள். அவள் பெற்ற பிள்ளைதான் இன்று டப்பாவைத் திறந்து காட்டுகிறான்.

அரசாங்கத்திடமும் பேச வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013-ல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடை வந்தது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் தடை ஆணையை ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. கூல் லிப்பை ஏன் நாடு முழுக்கத் தடை செய்யக்கூடாது என்று 2024 செப்டம்பரில் மதுரைக் கிளை கேட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் உதட்டுக்குள் அதை ஒளித்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால், தடையை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் பெட்டிக்கடையில் பாக்கெட்டைப் பிடிப்பதோடு வேலை முடிந்தது என்று நினைத்தால், அந்த வாய் காலியாக இருக்கப்போவதில்லை. கொல்லையில் இருபது செடி முளைக்கும். புகையிலை பயிரிடுவது குற்றமுமில்லை.

கேட்க வேண்டியதை ஆலையில் கேட்க வேண்டும். கை கழுவத் தண்ணீரும் சோப்பும், கூலி குறையாத இடைவேளை, வருசத்துக்கு ஒரு தரமாவது ஒவ்வொருவர் வாயையும் வெளிச்சம் அடித்துப் பார்க்க ஒரு பல் மருத்துவர். வெள்ளைத் திட்டை ஆரம்பத்தில் பார்த்திருந்தால் சித்திக்குத் தாடை மிஞ்சியிருக்கலாம். விட நினைக்கிறவர்களுக்குப் புகையிலைப் பாக்கெட்டிலேயே அரசு அச்சடித்திருக்கும் 1800 11 2356 என்ற இலவச எண் இருக்கிறது. அந்த எண் ஆலைச் சுவரில் பெரிதாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

தம்பி, கூல் லிப்பை விட்டது பெரிய காரியம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நீ விட்டது பாக்கெட்டைத்தான், புகையிலையை இல்லை. உன் அம்மா வாயில் இருந்ததும் மண்ணில் விளைந்த இலைதான். அடுத்த ஐப்பசிக்கு அந்த இடத்தில் கத்தரி நடு. நாற்று நான் வாங்கி வருகிறேன்.