மாடில்லாத பர்கரும் பெயரில்லாத கறியும்

சென்னையின் மிகச் சிறந்த ஹாம்பர்கர் எங்கே கிடைக்கும் என்று வருஷத்துக்கு நாலு முறையாவது யாராவது பட்டியல் போட்டுவிடுகிறார்கள். ஆங்கில நாளிதழ்களின் ஞாயிறு இணைப்பில் வருகிறது. செல்போனைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக அலைகிற பையன்கள் போடுகிறார்கள். நான் இவற்றை விடாமல் பார்க்கிறவன். நாக்கு ஒரு காரணம். இன்னொன்று, எந்தப் பட்டியலைக் கொடுத்தாலும் அதில் எது இல்லை, யார் இல்லை என்று முதலில் தேடுகிற பழக்கம் நம்ம ஆட்களுக்கு ரத்தத்திலேயே வந்துவிட்டது. பத்துக் கடை இருக்கும். பத்திலும் கோழி இருக்கும், உருளைக்கிழங்கு இருக்கும், பனீர் இருக்கும், ஒன்றில் காளான்கூட இருக்கும். மாடு இருக்காது. கடையில் இருந்தாலும் பட்டியல்காரர் அதைத் தின்று பார்த்ததாக எழுதமாட்டார்.

இதில் வேடிக்கை, ஹாம்பர்கர் என்ற சொல்லே மாட்டுக்கறியைத்தான் குறிக்கிறது. ஹாம் என்ற ஒலியைக் கேட்டு அது பன்றிக்கறி என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இல்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துப் பெயரை ஒட்டிக்கொண்டு அமெரிக்கா போன கொத்துக்கறி அது. அந்த நாட்டு வேளாண்மைத் துறையின் விதிப்படி ஹாம்பர்கர் என்று பெயர் போட்டு விற்றால் உள்ளே இருப்பது மாட்டிறைச்சியாக இருக்க வேண்டும். கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தண்ணீரோ மாவோ கலக்கக்கூடாது. அப்படியானால் நம் ஊரில் ஹாம்பர்கர் என்று விற்கப்படுவது என்ன? உருளைக்கிழங்கு போண்டாவைத் தட்டையாக்கி ரொட்டிக்குள் வைத்தது. ருசி இல்லை என்று சொல்லவில்லை. நானும் தின்கிறேன். பெயரைப் பற்றித்தான் பேச்சு.

1996இல் தில்லி வசந்த் விகாரில் மெக்டொனால்ட்ஸ் தன் முதல் இந்தியக் கடையைத் திறந்தபோது மாடு இல்லாமல் திறந்தது. பிக் மேக் இருந்த இடத்தில் ஆட்டுக்கறி வைத்த மகாராஜா மேக் வந்தது. பெயரைக் கவனியுங்கள் தோழர், மகாராஜா! குடியானவன் மேக், கூலிக்காரன் மேக் என்றெல்லாம் ஒருத்தருக்கும் தோன்றாது. உலகமயமாதல் வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும், சாதியும் அதில் போய்விடும் என்று அன்றைக்கு நம்பியவர்கள் உண்டு. உலகத்தையே ஒரே மாதிரித் தின்ன வைக்கக் கிளம்பிய கம்பெனி இங்கே வந்து இறங்கியதும் முதலில் செய்த காரியம் சாதி இந்துவின் அடுக்களையைப் பார்த்து வணக்கம் போட்டதுதான். சந்தைக்குச் சாதி தெரியாது என்று இனி யாராவது பொருளாதாரம் பேசினால் அந்தக் கடையின் விலைப்பட்டியலைக் காட்டுங்கள்.

இதே கம்பெனி அமெரிக்காவில் உருளைக்கிழங்கு வறுவலுக்கு மாட்டுச் சுவை சேர்த்தது 2001இல் வழக்காயிற்று. அங்கிருக்கிற இந்துக்களும் மற்ற சைவக்காரர்களும் வழக்குப் போட்டார்கள். 2002இல் ஒரு கோடி டாலர் தருவதற்கும் மன்னிப்புக் கேட்பதற்கும் கம்பெனி ஒப்புக்கொண்டது. தின்னாதவனுக்குத் தெரியாமல் ஊட்டியது தப்பு, மன்னிப்புக் கேட்டது சரி. எனக்கு அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் தின்கிறவன் கணக்கு எங்கே? அவனுக்கு இந்த ஊரில் பெயர் மட்டும் கொடுத்து உள்ளே இருப்பதை மாற்றிவிட்டார்களே, அதற்காக எவனாவது வருத்தம் தெரிவித்தானா? தின்னாதவனின் மனம் புண்படும், தின்கிறவனுக்கு மனமே கிடையாது. பொதுப்புத்தி இப்படித்தான் கணக்கு எழுதுகிறது. நான் வங்கியில் கணக்கு எழுதுகிறவன். ஒரு பக்கம் மட்டும் எழுதின பேரேடு எந்தக் காலத்திலும் நேர்படாது.

சரி, மாடு வைத்த பர்கரே சென்னையில் இல்லையா? இருக்கிறது. சம்பளம் வந்த வாரங்களில் போய்ப் போய்த் தின்று பார்த்திருக்கிறேன். குளிர்சாதனம், மஞ்சள் விளக்கு, கரும்பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதின ஆங்கிலம். மற்ற பர்கர்களுக்கெல்லாம் நாலு வரி வர்ணனை. இதற்கு மட்டும் ஒற்றை வார்த்தை, அதுவும் கடைசியில். விலையைக் கேட்டால் புளியந்தோப்பில் ஒரு குடும்பம் பிரியாணி தின்றுவிடலாம். நான் கை வைத்துக் காட்டியதும் பரிமாறுகிற தம்பி குனிந்து, பக்கத்து மேஜைக்குக் கேட்காத குரலில், “சார், அது பீஃப்... ஓகேவா?” என்கிறான். அவன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. கேட்கச் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள். யாரோ ஒருத்தர் எழுந்து கத்தியிருப்பார், அதற்கப்புறம் இந்தக் கிசுகிசுப்பு. ஆனால் கோழிக்கு இந்தக் குரல் இல்லை. இறாலுக்கு இல்லை. பன்றிக்கும்கூட இவ்வளவு இல்லை.

கிசுகிசுத்துக் கொண்டுவந்து வைத்ததும் நன்றாக இல்லை. இதைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் நம்மில் சிலர் மாட்டுக்கறி என்று எழுதியிருந்தாலே பாதிப் புரட்சி ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஓட்டல்காரர் பெருமைக்காக அண்டர்கட்டை எடுத்து அரைக்கிறார். முதுகெலும்பின் அடியில் கிடக்கிற, வேலை செய்யாத மெத்தென்ற தசை. அதில் கொழுப்பே இல்லை. பணக்காரக் கறி, ஆனால் பர்கருக்கு உதவாது. கொழுப்பில்லாத கறியை அரைத்துச் சுட்டால் மரத்தூள்தான். கம்பெனி சாஸை ஊற்றி மறைக்கிறார்கள்.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து வயசு தாண்டி, உழைப்புக்கும் இனவிருத்திக்கும் லாயக்கில்லை என்று சான்றிதழ் வாங்கின மாட்டைத்தான் அறுக்கலாம்; நிரந்தரமாக முடமாகிப்போனதையும் அறுக்கலாம். 1976இல் வந்த அரசாணை பசுவையும் கிடாரியையும் அறுப்பதைத் தடுத்துவிட்டது. ஆகவே நம் தட்டுக்கு வருகிற எருது வண்டியிழுத்து, ஏர் உழுது, ஓய்ந்துபோன மாடு. அமெரிக்கக்காரன் சோளம் போட்டுக் கொழுக்க வைத்து இளசாக அறுக்கிற மாடு அல்ல. இதன் நார் நீளம், வலுவானது. இந்த முரட்டுக் கறியைத் தின்னும்படி ஆக்குவதற்கு உலகமெங்கும் உழைக்கிற சனங்கள் கண்ட வழிகள் இரண்டு. ஒன்று நெடுநேரம் வேகவைப்பது. இன்னொன்று பொடியாகக் கொத்துவது. ஹாம்பர்கர் இரண்டாவது வழியில் வந்தது. மட்டமான கறி, தேய்ந்த பற்கள், ஒற்றைக் கையால் தின்றுவிட்டு வேலைக்கு ஓட வேண்டிய அவசரம், இவற்றால் ஆன பண்டம். பிறப்பில் அது நம்ம பண்டம்தான். மஞ்சள் விளக்கு பிற்பாடு வந்தது.

அதனால்தான் நான் பர்கரைத் தேடுகிற திசையை மாற்றினேன். பெரியமேட்டில் தோல் மண்டிகள் இருக்கிற பக்கம், சாயங்காலம் கரி அடுப்பை வைத்துக்கொண்டு உட்கார்கிற பாய் ஒருத்தர் இருக்கிறார். கொத்துக்கறியைக் கம்பியில் பிடித்துச் சுடுகிறார். வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, நெஞ்சுக்கறியோடு வருகிற மஞ்சள் கொழுப்பு. கொழுப்பு கரியில் சொட்டி எழும்புகிற புகை திரும்பக் கறிமேலேயே படிகிறது. அதைக் கம்பியிலிருந்து உருவி, பேக்கரி பன்னைக் கீறி உள்ளே வைத்து, கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து கொடுக்கச் சொன்னேன். “என்னா தம்பி, புதுசா இருக்கே” என்றார். அடுத்த வாரம் அவரே இன்னும் நாலு பேருக்கு அப்படிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இந்த நகரத்தின் சிறந்த ஹாம்பர்கர் அதுதான் என்பது என் முடிவு. கரும்பலகை இல்லை. பீஃப் என்ற சொல்லை அவர் சத்தமாகத்தான் சொல்கிறார், தெருவில் போகிறவன் திரும்பிப் பார்க்கிற மாதிரி.

தோல் மண்டி என்று சும்மா சொல்லவில்லை. செருப்பாக, இடுப்பு வாராக, கைப்பையாக வந்தால் மாடு யாரையும் புண்படுத்துவதில்லை. ஆம்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரின் ஷூ கப்பலேறிப் போகிறது, அதில் எல்லோருக்கும் பெருமை. அந்த ஊரின் பிரியாணிக்கு 2022 மே மாதம் மாவட்ட நிர்வாகம் திருவிழா எடுக்கப் பார்த்தது. ஆடு உண்டு, கோழி உண்டு, மாடு கிடையாது என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பியது. மழையைக் காரணம் சொல்லி விழாவையே தள்ளிவைத்தார்கள். ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் இது பாகுபாடு இல்லையா என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. ஆம்பூர்த் தெருக்களில் அன்றாடம் மாட்டுப் பிரியாணி விற்கிறது, யாரும் ஒளிக்கவில்லை. அரசு மேடைக்கு வரும்போதுதான் அது காணாமல் போகிறது.

எங்கள் வீட்டில் கறி என்றால் மாட்டுக்கறிதான். அதற்கு அடைமொழி கிடையாது. ஆட்டைத்தான் ஆட்டுக்கறி என்று பிரித்துச் சொல்வோம், வருஷத்துக்கு ஒரு தரம் வருகிற சொந்தக்காரரைச் சொல்கிற மாதிரி. வங்கிக்கு வேலைக்கு வந்த பிறகு பார்த்தால் உலகமே தலைகீழ். இங்கே கறி என்றால் ஆடு. டிபன் பாக்ஸைத் திறக்கும்போது, “என்ன சார், மட்டனா?” என்று அவர்களே பதிலையும் சேர்த்துக் கேட்டுவிடுகிறார்கள். “இல்லை சார், பீஃப்” என்று நான் சொல்கிறேன். மேஜை கொஞ்ச நேரம் அமைதியாகிறது. அப்புறம் யாராவது கிரிக்கெட் பேசுகிறார்கள். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் முன்பணம் எவ்வளவு என்பதற்கு முன்னால் “நீங்க என்ன சாப்பிடுவீங்க?” என்கிறார்கள். சாதியை நேராகக் கேட்கக் கூச்சப்படுகிற நாகரிகக்காரர்களுக்குச் சாப்பாடு ஒரு நல்ல சாவி.

இதையெல்லாம் எதிர்த்துத்தான் மாட்டுக்கறி விழாக்கள் வந்தன. 2012இல் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் நடத்தினார்கள், கல்லெறியும் பட்டார்கள். 2017 மே மாதம் மாட்டுச் சந்தைகளை நெரிக்கும் விதிகளை மத்திய அரசு கொண்டுவந்தபோது சென்னை ஐஐடியில் நடந்தது. அதில் கலந்துகொண்ட ஆய்வு மாணவர் மே 30ஆம் தேதி வளாகத்துக்குள்ளேயே தாக்கப்பட்டார், கண்ணில் பலத்த காயம். அதே மே 30ஆம் தேதிதான் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அந்த விதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஒரே நாளில் ஒரு நீதிமன்றம் சந்தையைத் திறந்தது, ஒரு கும்பல் ஒருவர் கண்ணை மூடப் பார்த்தது. அந்த விழாக்களை நான் கொச்சைப்படுத்தவே மாட்டேன்.

ஆனால் விழா நடத்துகிற தோழர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். போன வருஷம் ஒரு கல்லூரி விடுதிக்குப் பக்கத்தில் நடந்த விழாவுக்குப் போயிருந்தேன். முழக்கம் பிரமாதம். பறை பிரமாதம். கறி வேகவில்லை. ரப்பர் மாதிரிக் கிடந்தது, உப்பும் இல்லை. பக்கத்தில் முதல் தடவையாக மாட்டுக்கறி தின்ன வந்திருந்த ஒரு மாணவி, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மென்றுகொண்டிருந்தாள். அவள் இனி அதைத் தைரியத்தோடுதான் நினைத்துப் பார்ப்பாள், ஆசையோடு நினைக்கமாட்டாள். எனக்கு அதுதான் நஷ்டமாகப் பட்டது.

நம் கவிதைகளிலும் மாட்டுக்கறி நிறைய வருகிறது. ரத்தம் சொட்டுகிறது, நெருப்பில் வேகிறது, ஆண்டையின் மூக்கைத் துளைக்கிறது. ருசியாக இருந்தது என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. கலகமாகவும் அவமானமாகவும் மட்டுமே ஒரு உணவை வைத்திருந்தால், ரெண்டுமே எதிராளியின் மூக்கை வைத்து அளந்த கணக்குதான். அம்பேத்கர் 1927இல் மகாடில் செத்த மாட்டைத் தின்பதை விட்டுவிடச் சொன்னார். 1948இல் எழுதிய தீண்டப்படாதோர் நூலில் மாட்டுக்கறியையும் தீண்டாமையின் தோற்றத்தையும் முடிச்சிட்டு ஆராய்ந்தார். முதலாவதைப் பிடித்துக்கொண்டு மாட்டுக்கறியையே விடு என்கிற பெரியவர்கள் நம் சேரிகளில் இன்றும் உண்டு. இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு தின்றே ஆகவேண்டும் என்கிற இளைஞர்களும் உண்டு. அவர் விடச் சொன்னது ஊருக்குள் செத்ததை இழுத்துப் போடுகிற அடிமைத்தனத்தோடு வந்த பிச்சையை. கடையில் காசு கொடுத்து, நெஞ்சுக்கறியா தொடையா என்று கேட்டு, கொழுப்போடு கொத்தச் சொல்லி வாங்குகிறவன் பிச்சைக்காரன் அல்ல. அவன் வாடிக்கையாளன், ருசி அறிந்தவன். அந்த இடத்தை நாம் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் என் குறை.

வீட்டில் செய்து பார்க்கிறவர்களுக்கு: நெஞ்சுக்கறி முக்கால் கிலோவுக்குக் கொழுப்பு கால் கிலோ கணக்கில் எடுத்து, பாயிடம் கைமா போடச் சொல்லுங்கள், இரண்டு தரம். மாவு, முட்டை எதுவும் வேண்டாம். பிசையவும் வேண்டாம், பிசைந்தால் இறுகிவிடும். உப்பை முன்கூட்டிக் கலக்காதீர்கள், அதுவும் இறுக்கும். தோசைக்கல் புகை வருகிற அளவு காய்ந்ததும் உருண்டையை வைத்து ஒரே ஒரு தரம் அழுத்தித் தட்டையாக்கி, மேலே உப்பும் மிளகும் தூவி, ஓரம் கருக்கும் வரை தொடாமல் விட்டுவிடுங்கள். திருப்பிப் போட்டு உள்ளே சிவப்புத் தங்காமல் வேகவையுங்கள், அரைத்த கறிக்கு அது முக்கியம். கல்லில் கிடக்கிற கொழுப்பிலேயே பன்னை வாட்டுங்கள். ஊரில் உப்புக்கண்டம் போட்டுக் கயிற்றில் காயவைத்தே பழகின எங்கம்மாவுக்குச் செய்து கொடுத்தேன். கறியை மட்டும் தனியே எடுத்துத் தின்றுவிட்டு, “நல்லாத்தான் இருக்குது. இதுக்கு எதுக்குடா பன்னு?” என்றது.

செய்ய நேரமில்லாதவர்கள் பெரியமேட்டுக்குப் போங்கள். ஏழு மணிக்கு முன்னால் போக வேண்டும். அதற்கப்புறம் கொழுப்பு தீர்ந்துபோய் வெறும் கறியைத்தான் சுடுகிறார்.