ஒரு சாண் வீரம்

2020-இல் வந்த மஹிந்திரா தார் ஜீப்பின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 226 மில்லிமீட்டர். நம்ம ஊர்க் கணக்கில் ஒரு சாண். எண் சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பார்கள். நம் வாரக்கடைசி வீரர்களுக்கு வண்டிக்கு அடியில் இருக்கிற இந்த ஒரு சாண்தான் பிரதானம்!

தார் வாங்கியவருக்குத் தார் ரோடு பிடிக்காதாம். முதுமலைப் பக்கம் போய், உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிற பழைய கூப்பு ரோடாகத் தேடுகிறார். செடி இரண்டு பக்கமும் கீற, இன்ஜின் உறும, உள்ளே ஒருத்தர் செல்போனில் படம் பிடிக்க... கேட்டால் அட்வென்ச்சர்.

புதர் மூடிய தடம் ஆளில்லாத தடம்தான். யாருமே இல்லாத தடம் இல்லை. வண்டி வராததால்தான் அங்கே யானை நடக்கிறது, கரடி நடக்கிறது. பத்தடிக்கு அப்பால் என்ன நிற்கிறதென்று ஸ்டீயரிங் பிடித்தவருக்குத் தெரியாது. குட்டியோடு நிற்கிற யானைக்கு ஒதுங்க இடமில்லை, வண்டிக்குத் திரும்ப இடமில்லை. அது வண்டியை முட்டித் தள்ளினால் மறுநாள் பேப்பரில் 'யானை அட்டகாசம்'. அட்டகாசம் செய்தது யார் சார்?

பிப்ரவரி, மார்ச்சில் காடு காய்ந்து கிடக்கும். சூடேறிய சைலன்சரில் காய்ந்த புல் சிக்கினால் பற்றிக்கொள்ளும். டயர் சேற்றில் ஒட்டிய பார்த்தீனிய விதை போகிற வழியெல்லாம் இறங்கும். சக்கரம் பதிந்த பள்ளம் மழையில் ஓடையாகி மண்ணை அரிக்கும். 'நாங்க ஒரு பிளாஸ்டிக் கவர்கூடப் போடல சார்' என்கிற நல்லவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

விலங்கு பார்க்கத்தான் ஆசை என்றால் தெப்பக்காட்டில் வனத்துறை வண்டி இருக்கிறது. டிக்கெட் எடுத்து ஏறலாம். ஏற மாட்டார்கள். அதில் ஸ்டீயரிங் அவர்கள் கையில் இருக்காதே!

1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 27-ஆவது பிரிவு: அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது.  ஆனால், பல லட்சம் கொடுத்து வண்டி வாங்கியவருக்கு அபராதம் ஒரு நுழைவுக் கட்டணம் மாதிரி. கட்டிவிட்டு ரசீதையும் படம் எடுத்துப் போடுவார். அதே சட்டத்தின் 39-ஆவது பிரிவில், குற்றத்துக்குப் பயன்படுத்திப் பிடிபட்ட வண்டி அரசாங்கச் சொத்தாக வழி இருக்கிறது. அதைக் கையில் எடுங்கள். காடு முழுக்கக் கால்நடையாக ரோந்து போகிற வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கு, அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போகவாவது அந்த ஜீப் உதவட்டும். இ.எம்.ஐ.யை மட்டும் பழைய ஓனரே கட்டட்டும்.