பாட்டியின் காசுமாலையை உருக்கத்தான் வேண்டுமா?

கோவை ராஜ வீதியிலோ கிராஸ்கட் ரோட்டிலோ எந்த நகைக்கடைக்குப் போனாலும் பழைய நகையை மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள். கல்யாணம் நெருங்கினால் பாட்டியின் அட்டிகையும் காசுமாலையும் தராசில் ஏறி, சில நிமிடங்களில் வெறும் எடைக் கணக்காகிவிடுகின்றன!

நகையை உருக்குவது புதிதல்ல. அந்தக் காலத்தில் ஊர் ஆசாரியும் பாட்டியின் வளையலை உருக்கித்தான் பேத்திக்குத் தோடு செய்தார். ஆனால் அதே தங்கம் அதே வீட்டுக்குத் திரும்பியது. இன்று கடையில் கொடுப்பது ஒன்று, வாங்கி வருவது வேறொன்று.

சரி, லாபமாவது உண்டா? பழைய நகையில் பற்றுவைத்த பொடியால் தரம் குறைந்திருக்கும். அரக்கு, கல் எடையையும் கழிப்பார்கள். இவை போக 8 பவுன் (64 கிராம்) நிற்கிறது, தரம் 85 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 22 காரட் கணக்கில் அது சுமார் 59 கிராம். புது நகைக்கு 12 சதவீதம் சேதாரம் என்றால் கையில் கிடைப்பது சுமார் 53 கிராம். ஆறரைப் பவுனுக்குச் சற்று மேல், அவ்வளவுதான்! 3 சதவீத ஜி.எஸ்.டி. தனி.

இதற்கு மாற்று, உருக்காமல் பிரித்துச் செய்வது. ஒரு காசுமாலை, மூன்று மகள்கள் என்றால் யாருக்கு என்ற சண்டை வரும். காசுகளைப் பிரித்து மூன்று மெல்லிய சங்கிலிகளில் கோத்தால் மூவருக்கும் அம்மாவின் நினைவு இருக்கும். பெட்டகத்தில் தூங்கும் அட்டிகையின் பதக்கம், கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் போட்டுச் செல்லும் டாலராகும். ரோமானியக் காசுகளில் துளையிட்டுக் கழுத்தில் அணிந்த வழக்கம் தென்னிந்தியாவில் அன்றே இருந்தது. சென்னிமலை அருகே கொடுமணலில் கல்மணிகளைக் கையால் செய்த தடயங்களும் கிடைத்துள்ளன.

இந்த வேலைக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. கெம்பட்டி காலனியிலும் செல்வபுரத்திலும் கைவேலை தெரிந்த பொற்கொல்லர்கள் இருக்கிறார்கள். இயந்திர நகைகள் பெருகிவிட்ட காலத்தில் இத்தகைய வேலை அவர்களுக்கும் கூலி தரும். செய்கூலி சற்றுக் கூடுதலாகலாம், தங்கம் கரையாது.

தேய்ந்து அறுந்ததை உருக்கலாம். அவசரச் செலவென்றால் விற்கவும் செய்யலாம், தங்கம் அதற்கும்தானே! மற்றபடி, கொடுக்கும் முன் நகையைப் படமெடுத்து, எடையையும் தரத்தையும் பார்த்துச் சீட்டு எழுதி வாங்குவது நல்லது. உருக்கிய பிறகு பாட்டியின் நகை எந்த விலைக்கும் திரும்பக் கிடைக்காது.