அழாத பிள்ளையின் வலி

பச்சிளம் குழந்தைக்கு வலி தெரியாது என்று நம்பி, 1980கள் வரைகூட மயக்க மருந்தைப் பெயருக்குக் கொடுத்து அறுவை செய்தார்கள் என்று படித்தேன். 1987இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் மருத்துவர் கே.ஜே.எஸ். ஆனந்தின் ஆய்வு வந்த பிறகுதான் அந்த எண்ணம் ஆட்டம் கண்டதாம். புதுச்சேரிப் பிள்ளைச்சாவடியில் நோயாளிப் பிள்ளையை இரவெல்லாம் மடியில் வைத்திருக்கும் எந்தத் தாயைக் கேட்டிருந்தாலும், பிள்ளைக்கு வலிக்கும் என்று சொல்லியிருப்பாள். நாள்பட்ட வலியில் பிள்ளை அழாமலும் போகும். அசையாது, பொம்மையைத் தொடாது, கூப்பிட்டால் திரும்பாது. பார்க்க வந்தவர்கள் “என்ன சமத்தா படுத்திருக்கு” என்பார்கள். அந்தச் சமத்துதான் வலி என்று அவளுக்குத்தான் தெரியும். கடும் வலிக்கு மருந்து இல்லாமலில்லை. வாய்வழி மார்ஃபினுக்கு 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் போட்ட கெடுபிடியை 2014ஆம் ஆண்டுத் திருத்தம் தளர்த்திவிட்டது. ஆனால் அந்த மருந்தை வலி தலைதூக்குமுன்பே, நாலு மணிக்கொரு முறை, கடிகாரம் பார்த்துக் கொடுக்கவேண்டும். நடுச்சாமம் இரண்டு மணிக்கு எழுந்திருப்பது யார்? மறுநாள் சோறு வடிப்பதும் அவள்தானே! ஜிப்மர் மருத்துவமனையோ கிராமத்துச் சுகாதார நிலையமோ, பிள்ளைக்கு மருந்து எழுதும் எந்த மருத்துவரும், வாரத்தில் ஓரிரவாவது தாய் தூங்க மாற்றாள் யார் என்று கேட்டு, அதையும் அதே சீட்டில் எழுதவேண்டும் என்பேன்.