வெட்டுப்புள்ளி ஒரு கதிரைக் கணக்கு

தரம் ஐந்து புலமைப்பரிசில் பெறுபேறு வெளியாகும் நாளில் பருத்தித்துறைப் பிள்ளைகள் இரண்டு சாதியாகப் பிரிகிறார்கள். ஊரில் ஏற்கெனவே இருக்கிற பிரிவுகள் போதாதென்று இது வேறு. மேலே வந்த பிள்ளைக்கு முகநூலில் மாலை போட்ட படம், சந்தியில் பதாகை. கீழே நின்ற பிள்ளையின் வீட்டில் தொலைபேசியை எடுக்க ஆளில்லை. எடுத்தாலும், "மூண்டு மார்க்ஸால போட்டுது" என்று தாய் சொல்வது அடுத்த அறையில் இருக்கும் பிள்ளையின் காதில் விழுகிறது. "அவள் பெயிலாம்" என்று ஒழுங்கை முழுக்கக் கதை போய்ச் சேர ஒரு பின்னேரம் போதும்.

பெயில் என்பது சுத்தப் பொய். ஒரு பிள்ளை தன் பாடத்தை அறிந்திருக்கிறதா என்று பார்த்து இந்தப் பரீட்சையில் வெட்டுப்புள்ளி போடுவதில்லை. இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. எல்லாரும் எழுதி முடித்து, திருத்தியும் முடித்த பிறகுதான், பெயர்பெற்ற பாடசாலைகளில் எத்தனை இடம், உதவித்தொகை எத்தனை பேருக்கு என்று பார்த்துக் கோடு கிழிக்கிறார்கள். அந்தக் கோடு மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு, மொழிமூலத்துக்கு மொழிமூலம் வேறு. ஒரே புள்ளியை எடுத்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று ஒரு மாவட்டத்தில் கெட்டிக்காரி, மற்றது பக்கத்து மாவட்டத்தில் மொக்கு. மூளை மாவட்ட எல்லையைப் பார்த்தா வளர்கிறது? 2023இல் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதினார்கள். கோட்டைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில். மிச்ச எண்பத்தைந்து பேரும் தோற்றவர்கள் என்றால், தோற்றது பிள்ளைகள்தானா என்று ஒருமுறை யோசிக்க வேண்டும்.

இது ஏழைப் பிள்ளைக்கான ஏணி என்பார்கள். ஒரு காலத்தில் அப்படித்தான். 1940களில் அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வியையும் மத்திய கல்லூரிகளையும் கொண்டுவந்தபோது, கிராமத்துப் பிள்ளையைத் தேடி எடுப்பதற்குத்தான் இந்தப் பரீட்சை. இன்றைக்கு அந்த ஏணியின் அடியில் ரியூசன்காரர் நிற்கிறார். காசு கொடுத்துப் பழகியவர் முதலில் ஏறுகிறார்; முனைக் கடற்கரையில் வலை இழுப்பவரின் பிள்ளை வரிசையின் கடைசியில். உதவித்தொகையோ மாதம் 750 ரூபாவாக இருந்தது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான் அதை 1,500 ஆக்கினார்கள். அதுவும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும். பல வீடுகளில் ரியூசனுக்குப் போகும் காசோடு வைத்துப் பார்த்தால் இது பஸ் காசு.

"பயம் இருந்தாத்தான் படிக்கும்" என்பது அடுத்த வேதவாக்கு. கொஞ்சம் பதற்றம் நல்லதென்று சொல்பவர்கள் தங்களை அறியாமலே சார்ந்திருப்பது 1908இல் யேர்க்ஸ், டொட்சன் என்ற இரு அமெரிக்கர்கள் எலிகளை வைத்துச் செய்த ஆய்வை. வெள்ளைப் பெட்டியா கறுப்புப் பெட்டியா என்று எலி தெரிவு செய்ய வேண்டும். பிழையான பெட்டிக்குப் போனால் மின்னதிர்ச்சி. வித்தியாசம் சுலபமாகத் தெரிந்தபோது அதிர்ச்சி கூடக் கூட எலி கெதியாகக் கற்றது. வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது கடினமானபோது கடும் அதிர்ச்சி எலியைக் குழப்பியது; மெல்லிய அதிர்ச்சியில்தான் நன்றாகக் கற்றது. இந்தப் பாதியை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.

பரீட்சை மண்டபத்தில் நடப்பதும் அதுதான். முதலாம் வினாத்தாள்: நாற்பது கேள்வி, ஒரு மணித்தியாலம். கேள்விக்கு ஒன்றரை நிமிடம். உருவத் தொடரில் அடுத்து வருவது எது என்று வீட்டில் சிரித்துக்கொண்டு சொன்ன பிள்ளை, இங்கே அதே கேள்வியை மூன்றுதரம் வாசிக்கிறது. உள்ளங்கை வியர்த்துப் பென்சில் வழுக்குகிறது. கணக்கைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய மனதின் இடத்தை "அப்பா என்ன சொல்வார்" என்ற நினைப்பு அடைத்துக்கொள்கிறது. காலையில் வயிற்றைப் பிசைகிறது என்று அது சொன்னது நடிப்பில்லை. அன்றைக்கு "சும்மா சாட்டுச் சொல்லாதை" என்று அனுப்பிவிட்டோம்.

பெற்றோரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1971இல் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தபோது, மற்றவர்களை விடக் கூடுதலான புள்ளி எடுத்தும் பல்கலைக்கழக வாசலில் நின்ற தலைமுறை இந்த மண்ணில்தான் இருந்தது. ஒரு புள்ளி ஒருவனின் தலையெழுத்தை மாற்றியதைக் கண்ணால் கண்ட தாத்தாக்கள் அவர்கள். ஆனால் அந்தப் புள்ளி உயர்தரப் புள்ளி. இன்றும் பல்கலைக்கழக அனுமதி உயர்தர இசட் புள்ளியைக் கொண்டுதான். தரம் ஐந்தில் எத்தனை எடுத்தாய் என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. பாட்டன் பட்ட காயத்துக்குப் பத்து வயதுப் பேத்திக்கு மருந்து கட்டுவது என்ன வைத்தியம்?

ஹாட்லிக் கல்லூரி கிடைக்காவிட்டால் எல்லாம் போச்சு என்பவர்களுக்கு ஒன்று. ஹாட்லியின் பெருமை என்று நாம் சொல்லும் கணித அறிஞர் சி. ஜே. எலியேசர் 1918இல் பிறந்தவர். அவர் கேம்பிரிட்ஜ் வரை போய் ஆய்வு செய்தது இந்தப் பரீட்சையில் தேறியல்ல; அவர் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அப்படியொரு பரீட்சையே இல்லை.

அரசாங்கத்துக்கும் இதன் இலட்சணம் தெரியும். பரீட்சைக்குச் சில நாள் முன்னர் ரியூசன் வகுப்பும் கருத்தரங்கும் நடத்தக்கூடாதென்று பரீட்சைத் திணைக்களம் வருடாவருடம் தடை போடுகிறது. 2024இல் மூன்று கேள்விகள் முன்கூட்டியே கசிந்து, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. சின்னப் பிள்ளைகளின் பரீட்சைக்கு! மலேசியாவில் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளும் ஆறாம் ஆண்டில் எழுதிவந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வை அந்த நாடு 2021இல் நிறுத்திவிட்டது. இங்கே எப்போது நிறுத்துவார்கள் என்று காத்திருக்கத் தேவையில்லை. பதாகையை நிறுத்த எந்தச் சுற்றறிக்கையும் வேண்டாம். அதிபர்மாரும் பழைய மாணவர் சங்கங்களும் ரியூசன் நிலையங்களும் இந்த வருடமே நிறுத்தலாம்.

வீட்டில் செய்யக்கூடியவை இன்னும் எளியவை. பெறுபேற்றைப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து பாருங்கள். ஊருக்குச் சொல்வதற்கு முதல் அதோடு கதையுங்கள். அழுதால் அழ விடுங்கள், "பரவாயில்லை" என்று அவசரப்பட்டு அதன் வாயை அடைக்காதீர்கள். மாமி கேட்டால், மச்சாள் கேட்டால், "பிள்ளை எழுதினவள், நல்லா இருக்கிறாள்" என்ற பதிலோடு நிறுத்துங்கள். பின்னேரம் வழக்கம்போல விளையாட விடுங்கள். அயலவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அன்றைக்கு அந்த வீட்டுக்குப் போனால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வாருங்கள். எத்தனை என்று கேட்காதீர்கள்.