தாத்தா பாட்டா? பேரன் பாட்டா?



டி.வி.யில் ஒரு புதுப் பாட்டு வந்ததும் உங்கள் தாத்தா என்ன சொல்வார்? நான் சொல்லட்டுமா? "இதெல்லாம் ஒரு பாட்டா? தகர டப்பாவுல கல்லைப் போட்டுக் குலுக்குற மாதிரி இருக்கு. எங்க காலத்துப் பாட்டு மாதிரி வருமா?" சரிதானே!

அதே தாத்தா ஒரு கறுப்பு வெள்ளைப் பாட்டை வைத்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? "ஐயோ தாத்தா, தூக்கம் வருது!"

இந்தச் சண்டை நடக்காத வீடே எங்கள் குருவிநத்தத்தில் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பறையில் பென்சில் சண்டை, ரப்பர் சண்டை எல்லாம் தீர்த்து வைத்தவன் நான். இந்த வழக்கையும் கொஞ்சம் விசாரித்துப் பார்ப்போமா?

முதலில் தாத்தாவுக்கும் தாத்தா காலத்துக்குப் போவோம். தமிழில் முதல் பேசும் படம் 'காளிதாஸ்' 1931-இல் வந்தது. கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி. அந்த நாளில் படம் என்றாலே பாட்டுதான். 1934-இல் வந்த 'பவளக்கொடி'யில் ஏறத்தாழ ஐம்பது பாட்டுகள்! கதைக்கு நடுவே பாட்டு வரவில்லை; பாட்டுகளுக்கு நடுவே கொஞ்சம் கதை வந்தது.

அப்போது நடிக்கிறவரே பாடவும் வேண்டும். வாத்தியக்காரர்கள் காமிராவின் கண்ணில் படாமல் ஒளிந்துகொண்டு வாசிப்பார்கள். காட்டில் தனியாக நின்று அழுகிற ராஜகுமாரிக்கு ஆர்மோனியம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள்! ஒருவர் பாட, இன்னொருவர் வாயசைக்கும் பின்னணிப் பாட்டு தமிழில் 1938-இல் 'நந்தகுமார்' படத்தில்தான் தொடங்கியது.

'பவளக்கொடி'யில் அறிமுகமான எம்.கே.தியாகராஜ பாகவதர்தான் அந்தக் காலத்து சூப்பர் ஸ்டார். அவருடைய 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வெளியாகி, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைப் பார்த்தது. இளைஞர்கள் எல்லாம் தோள்வரை முடி வளர்த்து 'பாகவதர் கிராப்' வைத்துக்கொண்டார்கள். வீட்டுப் பெரியவர்கள் சும்மா இருந்திருப்பார்களா? "படிக்கிற பையனுக்குப் பாகவதர் கிராப்பா?" என்று கத்தரிக்கோலோடு துரத்தியதை என் தாத்தா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். துரத்தப்பட்டவரே அவர்தான்!

ஆக, 'பொற்காலம்' என்று சொல்கிறார்களே, அந்தக் காலத்திலும் திட்டு இருந்தது.

இன்னும் கேளுங்கள். ஆர்மோனியப் பெட்டி உங்களுக்குத் தெரியும். மார்கழி பஜனையில் அது இல்லாமல் முடியாது. அது பிரான்ஸ் நாட்டில் உருவாகி இங்கே வந்தது. 'வெளிநாட்டுப் பெட்டி, நம் ராகத்தின் வளைவு நெளிவெல்லாம் இதில் வராது' என்று சொல்லி 1940-இல் அகில இந்திய வானொலி அதற்குத் தடை போட்டது. தடை விலக 1971 ஆயிற்று.

1952-இல் சினிமாப் பாட்டுக்கே ஆபத்து வந்தது. அப்போது தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்தவர் பி.வி.கேஸ்கர். சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று நினைத்து, வானொலியில் அதற்கு இடமில்லாமல் செய்தார். மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ரேடியோவின் குமிழைத் திருப்பி இலங்கை வானொலியைப் பிடித்துக்கொண்டார்கள்! கடைசியில் 1957-இல் நம் வானொலியே சினிமாப் பாட்டுக்காக 'விவித்பாரதி' என்று ஒரு தனி ஒலிபரப்பைத் தொடங்கியது. தாத்தாக்கள் இன்று 'அடடா!' என்று கண்ணை மூடி ரசிக்கிற பாட்டுகளில் பல, அந்த ஐம்பதுகளின் பாட்டுகள்தாம்!

இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவில் எல்விஸ் பிரெஸ்லி என்ற பாடகர் இடுப்பை ஆட்டி ஆட்டிப் பாடுவார். பெரியவர்களுக்குக் கோபம் வந்தது. அதனால் 1957-இல் ஒரு டி.வி. நிகழ்ச்சியில் அவரை இடுப்புக்கு மேலே மட்டும் காட்டினார்கள். கால் என்ன செய்தது என்பது பரம ரகசியம்!

இனி என் கதை. 1976-இல் 'அன்னக்கிளி' வந்தது. இளையராஜா இசையமைத்த முதல் படம். நாங்கள் பைத்தியமாக அலைந்தோம். என் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "நாத்து நடுறவங்க பாடுறதைப் போய்க் காசு குடுத்துக் கேக்கணுமாடா?" நாங்கள் போட்ட பெல்பாட்டம் கால்சட்டையையும் விடவில்லை. "தெருக் கூட்ட விளக்குமாறு எதுக்கு? நீங்க நாலு பேரு நடந்தா போதுமே!" என்றார்.

1992-இல் 'ரோஜா' வந்தது. "இது பாட்டா? கம்ப்யூட்டர் பாடுது" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அந்தக் 'கம்ப்யூட்டர்' பாட்டுக்காரர் ஏ.ஆர்.ரகுமான் 2009-இல் இரண்டு ஆஸ்கர் விருதுகளோடு மேடையில் நின்று தமிழில் பேசினார். 2011-இல் 'கொலவெறி' பாட்டு உலகத்தையே சுற்றி வந்தது. அதற்கு ஆடியவர்கள் இன்று உங்கள் சித்தப்பா, மாமா. அவர்களும் இப்போது உங்களைப் பார்த்து, "எங்க காலத்துல..." என்று ஆரம்பித்துவிட்டார்கள், கவனித்தீர்களா?

"அப்படியானால் நாங்கள்தான் ஜெயித்தோம்!" என்று குதிக்காதீர்கள். பொறுங்கள், தீர்ப்பு இன்னும் வரவில்லை.

பாகூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் களத்தில் நெல் தூற்றுவதைப் பார்த்திருப்பார்கள். முறத்தில் அள்ளி உயரத்திலிருந்து கொட்டினால் பதர் காற்றோடு போய்விடும். கனமான நெல் மட்டும் காலடியில் விழும். பாட்டும் அப்படித்தான். 'பவளக்கொடி'யின் ஐம்பது பாட்டில் பத்தைப் பாடிக்காட்டச் சொல்லுங்கள், தாத்தாவால் முடியாது. அந்தக் காலத்திலும் பதர் நிறைய இருந்தது; காலம் என்ற காற்று அதைக் கொண்டுபோய்விட்டது. தாத்தா கையில் இருப்பது தூற்றி முடித்த நெல். உங்கள் செல்போனில் இருப்பது இன்னும் தூற்றாத நெல். தூற்றிய நெல்லையும் தூற்றாத நெல்லையும் பக்கத்தில் வைத்து, "பார், என்னுடையதுதான் சுத்தம்" என்றால் அது நியாயமா?

அதேபோல, பழைய நெல் என்பதற்காக மூட்டையோடு தூக்கி எறிவதும் நியாயமில்லை. அந்த மூட்டையில் என்ன இருக்கிறது தெரியுமா? 1951-இல் வந்த 'ஓர் இரவு' படத்தில் பாரதிதாசன் பாட்டு இருக்கிறது. யார் அவர்? நம் புதுச்சேரியில் பிறந்து, நம் ஊர்ப் பள்ளிகளில் பாடம் நடத்திய வாத்தியார்! பாடப் புத்தகத்தைத் திறக்காதவரும் அந்தப் பாட்டைச் சினிமாவில் கேட்டார்கள். 'கறுப்பு வெள்ளை' என்று சேனலை மாற்றினால் உங்களுக்குத்தான் நஷ்டம்.

எனக்குப் பாட்டு பழசா புதுசா என்பதில் கவலை இல்லை. என் கவலை வேறு. அந்தக் காலத்தில் செடல் திருவிழா என்றால் மைக் செட்காரர் தென்னை மரத்தில் குழாய் கட்டுவார். அவர் போட்டதுதான் பாட்டு. ஊரே கேட்டாக வேண்டும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் பாடு திண்டாட்டம்தான்! ஆனாலும் தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே பாட்டு தெரிந்திருந்தது. இப்போது ஒரே கூடத்தில் நாலு பேர், நாலு செல்போன், எட்டுக் காதிலும் பஞ்சு வைத்தது போல இயர்போன். 30 நொடி கேட்பதற்குள் விரல் அடுத்த பாட்டுக்குத் தள்ளிவிடுகிறது. இப்படிக் கேட்டால் எது நெல், எது பதர் என்று எப்படித் தெரியும்?

ஆகவே, இதோ என் தீர்ப்பு. வாரத்தில் ஒரு நாள், இயர்போனைக் கழற்றிவிட்டு, தாத்தாவோ பாட்டியோ சொல்கிற ஒரு பாட்டை முழுதாகக் கேளுங்கள். பிறகு உங்கள் பாட்டு ஒன்றை அவர்களும் முழுதாகக் கேட்க வேண்டும். நடுவில் யாரும் முகத்தைச் சுளிக்கக் கூடாது. பாட்டு முடிந்ததும் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். வார்த்தை புரிந்ததா? அந்த வார்த்தையை அம்மா எதிரில் கூச்சமில்லாமல் பாட முடியுமா? நாளைக்குக் காலையில் பல் துலக்கும்போது அது தானாக வாயில் வருமா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் அது நெல். யார் காலத்துப் பாட்டாக இருந்தால் என்ன?

இன்னும் ஐம்பது வருடம் கழித்து உங்கள் பேரப்பிள்ளைகள் கேட்கப்போகும் 'பழைய பாட்டு' எது என்பதை முடிவு செய்பவர்கள் நீங்கள்தான். முறம் இப்போது உங்கள் கையில்.

ஒருவேளை உங்கள் முறை வரும்போது தாத்தா தூங்கிவிட்டால் கோபிக்காதீர்கள். சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திவிடுங்கள். மறுவாரம் அதே பாட்டிலிருந்து ஆரம்பிக்கலாம்!