பழைய வீட்டுக்கு எந்த ஃபேர்னஸ்?

ஆசிரியருக்கு,

குளிர்காலத் தயாரிப்பு பற்றிய உங்கள் கட்டுரையில், ஃபேர்னஸ் மாற்றுவோர் பழையதன் அளவிலேயே வாங்கினால் போதும் என்றிருந்தது. ஸ்காபரோவில் 1950, 60களில் கட்டிய வீடுகளுக்கு இது பொருந்தாது.

அந்நாளில் தேவைக்கு மிஞ்சிய அளவில்தான் பெரும்பாலும் பொருத்தினார்கள். பிறகு யன்னல்களை மாற்றி, கூரைக்குள் இன்சுலேஷனும் போட்டிருப்போம். ஒரு லட்சம் பிடியு (BTU) வெப்பம் தரும் ஃபேர்னஸ் இருந்த இடத்தில் அறுபதாயிரமே போதுமாகலாம். அளவு மிஞ்சினால் ஃபேர்னஸ் சற்று எரிந்து அணையும், மறுபடி எரியும். அறைக்கு அறை சூடு மாறும், பாகங்களும் சீக்கிரம் தேயும். வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்கிடாமல் விலை சொல்பவரை நான் வாசலோடு அனுப்பிவிடுவேன்.

கட்டுரை தொடாத முக்கியமான விஷயம் புகைபோக்கி. 2019 முதல் கனடாவில் புதிய வீட்டு எரிவாயு ஃபேர்னஸுக்கு 95 சதவீதத் திறன் கட்டாயம். அதன் புகை குளிர்ந்துவிடுவதால் பிளாஸ்டிக் குழாய் வழியே வெளியேறும். வடியும் நீருக்கும் வழி வேண்டும். பழைய புகைபோக்கியில் இனி எரிவாயு சுடுநீர்த் தாங்கியின் புகை மட்டுமே போகும். அதற்கு அந்தக் குழி மிகப் பெரிது. ஈரம் செங்கலை அரிக்கும், கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பவும் கூடும். உள்ளே உலோகக் குழாய் இறக்கும் செலவு விலைப்பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கதவு தட்டி ஃபேர்னஸ் விற்பதை ஒன்ராறியோ 2018இலேயே தடைசெய்துவிட்டது. இதையும் அடுத்த இதழில் ஒரு வரி போடுங்கள்.

ஒரு வாசகர்,
ஸ்காபரோ